உயிர்க் காலேஜும் ஓர் அகழியும்

சென்னையில் பல ஆண்டுகள் வாழ்ந்த பெரியவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள். அந்தக் காலத்தில் ஊரில் இரண்டு 'காலேஜ்'கள் உண்டு என்பார்கள். ஒன்று செத்த காலேஜ். மற்றொன்று உயிர்க் காலேஜ். பாடம் செய்த விலங்குகளும் எலும்புக்கூடுகளும் நிறைந்த எழும்பூர் அருங்காட்சியகம் முன்னது. மூர் மார்க்கெட்டை ஒட்டியிருந்த மிருகக்காட்சிசாலை பின்னது. கிராமத்திலிருந்து குடும்பத்தோடு பட்டணம் வந்தவர்கள் கடற்கரையையும் இந்த இரண்டு காலேஜ்களையும் பார்க்காமல் ஊர் திரும்பியதில்லை. கல்லூரியில் சம்பளம் வாங்குகிற எனக்கு இந்தப் பெயர்கள் மிகவும் பிடிக்கும். பாடம் நடக்கும் இடமெல்லாம் காலேஜ் என்று மக்கள் முடிவு செய்துவிட்டார்கள், அதில் தவறென்ன?

இரண்டு காலேஜ்களும் ஒரே வீட்டில் பிறந்தவை. 1851இல் தொடங்கப்பட்ட சென்னை அருங்காட்சியகத்திற்கு முதல் பொறுப்பாளராக இருந்தவர் எட்வர்ட் பால்ஃபர் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர். உயிருள்ள விலங்குகள் சிலவற்றை அங்கே வைத்ததும் கூட்டம் பெருகுவதைக் கண்டார். கற்களையும் சிப்பிகளையும் பார்க்க வராதவர்கள் புலியைப் பார்க்க வந்தார்கள். கர்நாடக நவாபிடம் பேசி, அவர் வளர்த்துவந்த விலங்குகளைக் கேட்டுப் பெற்றார். 1855இல் அருங்காட்சியக வளாகத்திலேயே மிருகக்காட்சிசாலை உருவாயிற்று. ஓராண்டிற்குள் விலங்குகளும் பறவைகளுமாக 300க்கும் மேல் சேர்ந்துவிட்டன. பாடம் செய்த புலிக்குப் பசிக்காது; உயிருள்ள புலிக்குத் தினமும் இறைச்சி வேண்டும், கூட்டைக் கழுவ ஆள் வேண்டும். அருங்காட்சியகம் தாங்குமா? 1861இல் விலங்குகள் நகராட்சியின் பொறுப்பில், சென்ட்ரல் நிலையம் இப்போது இருக்கும் இடத்தை அடுத்த பீப்பிள்ஸ் பார்க்கிற்குச் சென்றன. அடுத்த 120 ஆண்டுகளுக்கு மேல் அதுவே உயிர்க் காலேஜ்.

பீப்பிள்ஸ் பார்க் முதலில் 116 ஏக்கர் பரப்புடையது. ஆனால் நகரின் நடுவில் இருக்கும் காலி நிலத்தை யார் விட்டுவைப்பார்கள்? மூர் மார்க்கெட் வந்தது, 1913இல் ரிப்பன் கட்டடம் வந்தது, பிறகு விளையாட்டரங்கம் வந்தது. பூங்கா சுருங்கச் சுருங்க, விலங்குகளுக்கும் பார்க்க வருகிறவர்களுக்கும் நடுவே இருந்த இடைவெளியும் விரிய வழியில்லாமல் போயிற்று. நான் சொல்ல வருவது இந்த இடைவெளியின் கதையைத்தான்.

குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வருகிற தகப்பன் விலங்கிடம் எதிர்பார்ப்பது என்ன? அது கிட்ட வரவேண்டும். வரவழைக்க எளிய வழி தின்பண்டம். கம்பிக்கு வெளியே வேர்க்கடலை. உள்ளே நீளும் ஒரு கை அல்லது ஒரு தும்பிக்கை. இதில் கொடுமை எதுவும் இல்லை, அன்புதான் இருக்கிறது. ஆனால் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு விடுமுறை நாளில் 500 குடும்பங்கள் வருகின்றன, ஒவ்வொன்றும் 50 கிராம் மட்டும் போடுகிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 25 கிலோ! ஒவ்வொரு குடும்பமும் கொடுத்தது ஒரு கைப்பிடிதான். வாங்கித் தின்ற வயிறுகளோ சில.

மான் போன்ற அசைபோடும் பிராணிகளின் கதை இன்னும் மோசம். அவற்றின் இரைப்பையின் முதல் அறையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் தழையையும் புல்லையும் நொதிக்கவைக்கின்றன. சோறும் ரொட்டியும் போன்ற மாவுப்பொருள் திடீரென்று அதிகமாக உள்ளே போனால் அமிலம் பெருகுகிறது. அந்த நுண்ணுயிர்கள் மடிகின்றன. சில சமயம் மானும் மடிகிறது. பண்டத்தோடு சேர்த்துப் பிளாஸ்டிக் பையை விழுங்கினால் அது இரைப்பையிலேயே தங்கிவிடும். ஒரு விலங்கு இன்று எவ்வளவு தின்றது, எவ்வளவு மீதி வைத்தது என்பதுதான் அதன் உடல்நிலையைப் பற்றிக் காப்பாளருக்குக் கிடைக்கும் முதல் தகவல். வெளியார் தீனி போடுகிற இடத்தில் அந்தத் தகவலும் பொய்யாகிவிடும்.

கம்பிக்கூட்டில் இன்னொரு குறையும் உண்டு. மனிதன் எவ்வளவு நெருங்கினால் ஒரு விலங்கு ஓடத் தொடங்கும் என்பதற்கு ஓரளவு நிலையான தூரம் இருக்கிறது. இதை ஆராய்ந்தவர் பெர்ன், பாசல், சூரிக் ஆகிய நகரங்களின் மிருகக்காட்சிசாலைகளை நடத்திய சுவிட்சர்லாந்து அறிஞர் ஹைனி ஹெடிகர். அடைப்பு விலங்குகளைப் பற்றிய அவரது நூல் 1942இல் வெளிவந்தது. தப்பும் தூரம் பத்து மீட்டராக உள்ள ஒரு விலங்கை நான்கு மீட்டர் கூட்டில் வைத்து, நாலா பக்கமும் ஆட்கள் நின்றால் அது எங்கே போகும்? முன்னும் பின்னும் ஓயாமல் நடக்கும். நாம் அதை 'உலாவுகிறது' என்று குழந்தைக்குக் காட்டுவோம்.

கம்பியை எடுத்துவிட்டு, பார்ப்பவரையும் தள்ளி நிறுத்துவதற்கு வழி கண்டவர் ஹெடிகருக்கும் முந்தியவர். அவர் கார்ல் ஹாகன்பெக் என்ற ஜெர்மானிய விலங்கு வியாபாரி. 1907இல் ஹாம்பர்க் நகரை அடுத்த ஸ்டெல்லிங்கனில் அவர் திறந்த பூங்காவில் சிங்கத்துக்கு முன்னால் கம்பி இல்லை, அகழி இருந்தது. விலங்குகள் எவ்வளவு தாண்டும் என்று சோதித்துப் பார்த்தே அகழியின் அளவை அவர் முடிவு செய்தார்.

இங்கே என் பாடம் குறுக்கே வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு விலங்கு நின்ற இடத்திலிருந்து நேர்மேலே 2.5 மீட்டர் எம்பும் என்று கொள்வோம். அதற்கு வினாடிக்கு 7 மீட்டர் வேகம் வேண்டும். அதே வேகத்தில் 45 பாகைச் சாய்வில் தாவினால் அது கடக்கும் தூரம் 5 மீட்டர், அதாவது எம்பும் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு. ஆனால் ஓடிவந்து தாவினால் ஓட்டத்தின் வேகமும் சேர்ந்து தூரம் வெகுவாகக் கூடிவிடும். ஆகவே அகழி கட்டுபவர் அகலத்தை மட்டும் பார்த்தால் போதாது. ஓடிவர இடம் கொடுக்கக் கூடாது. விலங்கின் பக்கத்துக் கரையைச் சரிவாக்கி, நம் பக்கத்துக் கரையைச் செங்குத்துச் சுவராக்குகிறார். சரிவில் இறங்குகிற புலி, நேர்மேலே எம்புவது தவிர வேறு வழியில்லாத இடத்தில் வந்து நிற்கும். யானைக்கு இந்தக் கணக்கே வேண்டாம். நான்கு கால்களையும் ஒருசேரத் தரையிலிருந்து எடுக்க அதனால் முடியாது. குறுகிய பள்ளமே அதை நிறுத்திவிடும்.

ஹாம்பர்க்கின் அகழி சென்னைக்கு வர ஏறக்குறைய எண்பது ஆண்டுகள் ஆயின. பழைய இடத்தில் இனி விரிவாக்க முடியாது என்ற நிலையில், வண்டலூர்க் காப்புக்காட்டில் 1,265 ஏக்கர் ஒதுக்கப்பட்டது. 1979இல் வேலை தொடங்கியது. 1985 ஜூலை 24ஆம் நாள் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவைத் திறந்துவைத்தார். முன்பிருந்த பூங்கா முழுவதையும்போல் பத்து மடங்கு நிலம்! விலங்கு விரும்பினால் புதருக்குப் பின்னால் மறைந்துகொள்ளலாம். 1991இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் செய்த திருத்தம், மிருகக்காட்சிசாலை விலங்கைச் சீண்டுவதையும் அதற்குத் தீனி போடுவதையும் நாடெங்கும் குற்றமாக்கியது. வாரத்தில் ஒரு நாள் வாயிற்கதவு மூடப்படுகிறது. வண்டலூரில் அது செவ்வாய்க்கிழமை.

ஆனால் குடும்பங்களும் இதற்கு விலை கொடுத்தன என்பதை ஏன் மறைக்க வேண்டும்? உயிர்க் காலேஜுக்குக் கட்டணம் கிடையாது. ரயிலை விட்டு இறங்கியதும் நடந்தே போய்விடலாம். வண்டலூருக்கு நகரத்திலிருந்து 30 கிலோமீட்டர் போகவேண்டும், சீட்டும் வாங்கவேண்டும். கட்டுச்சோற்றோடு வெயிலில் நடந்து போய் நின்றால், புலி எங்கோ நிழலில் முதுகைக் காட்டிப் படுத்திருக்கிறது. "ஒண்ணுமே தெரியலை" என்று பிள்ளை அழுகிறது. அந்த முதுகுதான் புலி நலமாக இருப்பதற்கு அடையாளம் என்று நான் நினைக்கிறேன். நாலு வயதுப் பிள்ளையிடம் அதைச் சொல்லிச் சமாதானம் செய்ய எனக்குத் தெரியாது. இருந்தும் காணும் பொங்கலன்று அங்கே எள் விழ இடமிருப்பதில்லை.

அகழியால் தடுக்க முடியாத பொருளும் உண்டு. 2021 கோடையில் கொரோனா காரணமாக வண்டலூர்ப் பூங்கா பொதுமக்களுக்கு மூடப்பட்டிருந்தது. அப்போது சிங்கங்கள் இரும ஆரம்பித்தன. மாதிரிகள் போபாலில் உள்ள ஆய்வுக்கூடத்துக்குச் சென்றன. 9 சிங்கங்களுக்குத் தொற்று இருப்பது தெரிந்தது. ஜூன் 3ஆம் நாள் ஒரு பெண் சிங்கமும், அதே மாதத்தில் ஓர் ஆண் சிங்கமும் இறந்தன. பார்வையாளர் ஒருவர்கூட இல்லாத நாட்கள் அவை. காப்பாளர்கள் மட்டும், முகக்கவசமும் கையுறையும் அணிந்து, தினமும் இறைச்சித் தட்டோடு உள்ளே போய்வந்துகொண்டிருந்தார்கள். அந்த வேலையை அகழிக்கு வெளியே நின்று செய்ய இன்னும் வழி பிறக்கவில்லை.