ஒரே ரன்வே, ரெண்டு வழி

இன்னைக்கு ஒரு சின்னக் கேள்வியோட ஆரம்பிக்கிறேன். ஒரு ரன்வேயில இறங்க எத்தனை வழி இருக்கும்? ஒண்ணுதானேன்னு நானும் ரொம்ப நாளா நினைச்சிருந்தேன்.

உண்மையில், பெரிய விமான நிலையங்களில் ஒரே ரன்வேக்கு மூன்று, நான்கு சார்ட்டுகள் இருக்கும். ஒரே வகையில் இரண்டு இருந்தால் இசட், ஒய் என்று கடைசி எழுத்திலிருந்து பெயர் வைக்கிறார்கள். எதில் இறங்கப் போகிறோம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்து, காக்பிட்டில் எல்லாரும் பேசிக்கொள்ள வேண்டும். சும்மா சடங்கு மாதிரி தெரியுதுல்ல? 1997 ஆகஸ்ட் 6 அதிகாலையில் குவாம் தீவில் நடந்ததைப் படிச்சப்புறம் எனக்கு அப்படித் தோணலை.

முதல்ல ஐஎல்எஸ்னா என்னன்னு பார்த்துடுவோம். ரெண்டு ரேடியோ அலைகள். லோக்கலைசர் இடமா வலமான்னு காட்டும். கிளைடுஸ்லோப் சுமார் 3 டிகிரி சரிவில் இறக்கிக்கொண்டு வரும். குவாமில் அந்தச் சமயம் கிளைடுஸ்லோப் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. லோக்கலைசரை மட்டும் வைத்து இறங்கலாம். ஆனால் உயரத்தை பைலட்டே படிப்படியாகக் குறைக்க வேண்டும்: முதலில் 2,000 அடி, நிமிட்ஸ் குன்றின் மேல் இருக்கும் விஓஆர் நிலையத்தைத் தாண்டும்வரை 1,440 அடி, அதன் பிறகுதான் 560.

இதில் இன்னொரு சிக்கல். தூரத்தைக் காட்டும் கருவி ரன்வே பக்கத்தில் இல்லை. அதுவும் அந்தக் குன்றின் மேல்தான். அதாவது காக்பிட்டில் தூரம் பூஜ்யம் என்று காட்டும்போது, ரன்வேக்கு இன்னும் 6 கிலோமீட்டர் பாக்கி.

சியோலிலிருந்து 254 பேரோடு வந்த கொரியன் ஏர் 801, ஒரு போயிங் 747. கிளைடுஸ்லோப் வேலை செய்யாது என்பது குழுவுக்கு முன்பே தெரியும். கன்ட்ரோலரும் சொன்னார். ஆனாலும் மழைக்குள் இறங்கிக்கொண்டிருக்கும்போது, "கிளைடுஸ்லோப் வேலை செய்யுதா?" என்ற பேச்சு காக்பிட்டில் எழுந்தது. அந்தப் பேச்சு முடியவே இல்லை. விமானம் 1,440 அடியில் நிற்காமல் இறங்கிக்கொண்டே போனது. கடைசி விநாடிகளில் துணை விமானி திரும்ப மேலே ஏறலாம் என்றார். அதற்குள் குன்று வந்துவிட்டது. 228 பேர் இறந்தார்கள்.

அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான என்டிஎஸ்பி, கேப்டன் இந்த இறக்கத்தைச் சரியாக விளக்கிச் செயல்படுத்தவில்லை, மற்ற இருவரும் சரிபார்க்கவில்லை என்றது. கேப்டனின் களைப்பு, நிறுவனத்தின் பயிற்சிக் குறை ஆகியவற்றையும் சேர்த்தது. தரையில் இருந்த தாழ்வுயர எச்சரிக்கை அமைப்பையும் விடவில்லை. தேவையில்லாத அலாரம் அடிக்கிறது என்று அதை அந்தப் பகுதிக்கு அடக்கி வைத்திருந்தார்கள்.

இப்போ பல நிறுவனங்கள் இந்தப் படிக்கட்டு முறையை விட்டு, ஒரே சீரான சரிவில் இறங்குறாங்க. கிளைடுஸ்லோப் இல்லாத ரன்வேயிலும் செயற்கைக்கோள் உதவியோட சரிவு காட்ட முடியுது.

ஆனா எனக்கு மனசுல நிக்கிறது அந்தக் கேள்விதான். அதுக்கான பதில் தரையிலேயே கிடைச்சிருந்தது. வழியைத் தேர்ந்தெடுத்தா மட்டும் போதாது. தேர்ந்தெடுத்தது எதுன்னு மூணு பேருக்கும் ஒரே மாதிரி தெரிஞ்சிருக்கணும். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.