கத்தரிக்கோலும் பசையும் கணினிக்குள் புகுந்த கதை

எண்பதுகளில் எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் பக்கம் தயாரிப்பதென்றால் கத்தரிக்கோல், பசை, அடிமட்டம் மூன்றும் மேசையில் இருக்க வேண்டும். செய்தியை வெட்டி, அருகே படத்தை ஒட்டுவோம். ஒட்டப்படுவது படத்தின் பிரதிதான். மூலப்படம் பெட்டிக்குத் திரும்பிவிடும். அதன் பின்புறத்தில் பிடித்தவரின் பெயரும் திகதியும் பென்சிலால் எழுதப்பட்டிருக்கும்.

இந்த வேலை கணினிக்குள் புகுந்ததும் ஒரு பதிப்பகத்தின் பொருட்டே என்பதைப் பின்னாளில் அறிந்து வியந்தேன். அமெரிக்காவின் பொஸ்டன் நகருக்கு அருகே கின் என்ற பாடநூல் பதிப்பகம் இருந்தது. அதன் ஆசிரியர்களுக்காக ஸெரொக்ஸ் நிறுவனத்தின் கலிபோர்னிய ஆய்வுகூடத்தில் லரி டெஸ்லரும் டிம் மொட்டும் எழுபதுகளின் நடுப்பகுதியில் ‘ஜிப்சி’ என்னும் மென்பொருளை உருவாக்கினர். பதிப்பாசிரியர்கள் தாளில் செய்த வெட்டலும் ஒட்டலும் அதிலே கட்டளைகளாயின. 1980 இல் டெஸ்லர் அப்பிள் நிறுவனத்தில் சேர்ந்தார். 1984 இல் வெளிவந்த மெக்கின்டோஷ் கணினியில், வரைந்த படமொன்றைப் பிரதி செய்து கடிதத்தினுள் ஒட்ட முடிந்தது. 1985 இல் வந்த விண்டோஸின் முதற் பதிப்பிலும் இவ்வசதி இருந்தது. டெஸ்லர் 2020 பெப்ரவரியில் காலமானார்.

பிரதி செய்த பொருள் தற்காலிகமாகத் தங்கும் இடத்தைக் கிளிப்போர்ட் என்பர். ஒரே பொருளைப் பல வடிவங்களில் அது ஏந்தி நிற்கும். ஏற்கும் மென்பொருள் தனக்கேற்றதைத் தெரிவு செய்யும். திறந்திருக்கும் படத்தைப் பிரதி செய்தால் படப்புள்ளிகள் அங்கே செல்லும். கோப்பைப் பிரதி செய்தாலோ, பெரும்பாலும் அது இருக்குமிடத்தின் முகவரியே செல்லும். இரண்டையும் அறிந்த மென்பொருளில்தான் ஒட்டுதல் தடையின்றி நடைபெறும். மற்றவற்றில் ஒன்றுமே தோன்றாது. நாம் விசைப்பலகையை நோவோம்.

ஆனால் படப்புள்ளிகளாக ஒட்டப்படும்போது கோப்பின் பெயர் கூட வருவதில்லை. உள்ளே பதிந்திருந்த திகதியும் பிடித்தவர் விபரமும் பெரும்பாலும் உதிர்ந்துவிடும்.

சில ஆண்டுகளுக்கு முன் மறைந்த நண்பரொருவருக்கு நினைவுமலர் தயாரித்தோம். படங்கள் யாவும் ஓர் ஆவணத்தில் ஒட்டப்பட்டு வந்தன. ஊரடங்கு நாளொன்றில் அவர் வீதியோரம் நின்று குறிப்பெடுக்கும் அருமையான படம் அவற்றுள் ஒன்று. பிடித்தவர் யார்? அனுப்பியவருக்கும் தெரியவில்லை. பெயரின்றியே அச்சிட்டோம். அன்று அந்த வீதியில் அவரோடு நின்ற இன்னொருவர் வரலாற்றிலிருந்து அழிந்துபோனார்.

அன்பர்களே, படத்தைத் தாராளமாக ஒட்டுங்கள். மூலக்கோப்பையும் பாதுகாத்து வையுங்கள். படத்தின் கீழே ஒரு வரியில் பிடித்தவரின் பெயரையும் திகதியையும் எழுதிவிடுங்கள். கணினிப் படத்துக்குப் பின்புறம் இல்லை.