தெரிவுத் தேர்வும் அரசுப் பள்ளியும்: பெங்களூரு வட்டாரக் கல்வி வரலாற்றை முன்வைத்து ஓர் ஆய்வு

முன்னுரை

அரசு தன் பொருளில் நிறுவி, போட்டித் தேர்வின்வழி மாணவரைத் தெரிந்தெடுத்துக் கற்பிக்கும் பள்ளிகள் அம்மாணவர்க்கு உண்மையிலேயே பயன் தருகின்றனவா என்னும் வினா, பெற்றோர் தம் இல்லங்களில் எழுப்பிக்கொள்ளும் வினாவாகவே பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அவ்வினாவிற்கு ஒரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறியாது கூறப்படும் விடை குறைவுடையதாகவே அமையும். கன்னடமும் தமிழும் தெலுங்கும் நெடுங்காலமாக அருகருகே வழங்கிவரும் பெங்களூரு வட்டாரத்தைக் களமாகக் கொண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதி முதல் இன்றுவரையிலான அரசுத் தெரிவுப் பள்ளிகளின் போக்கினை இக்கட்டுரை ஆராய்கிறது. ‘தெரிவுப் பள்ளி’ என்னும் சொல், விண்ணப்பித்தோருள் ஒரு சிலரை மட்டும் தேர்வின்வழிச் சேர்த்துக்கொள்ளும் அரசுப் பள்ளியை ஈண்டுக் குறிக்கிறது.

1858ஆம் ஆண்டின் உயர்நிலைப் பள்ளி

மைசூர் அரசு 1831 முதல் 1881 வரை ஆங்கிலேய ஆணையர்களின் ஆட்சியில் இருந்தது. அக்காலத்தில், 1858இல், பெங்களூரில் அரசு உயர்நிலைப் பள்ளியொன்று தொடங்கப்பெற்றது. அதற்கு முந்தைய ஆண்டில்தான் சென்னைப் பல்கலைக்கழகம் தோன்றியிருந்தது. இப்பள்ளியே 1875இல் சென்ட்ரல் கல்லூரி என்னும் பெயரைப் பெற்றது. சென்னைப் பல்கலைக்கழகத் தேர்வுகளுக்கு மாணவரை ஆயத்தம் செய்தது. பின்னர் 1916இல் மைசூர்ப் பல்கலைக்கழகமும் 1964இல் பெங்களூர்ப் பல்கலைக்கழகமும் தோன்றியபோது அவற்றின் உறுப்பாக மாறியது.

இந்நிறுவனம் தனிமனிதர் வாழ்வில் விளைத்த மாற்றத்திற்கு இருவரைச் சான்றாகக் காட்டலாம். சிக்கபல்லாபூரை அடுத்த முத்தேனஹள்ளியில் பிறந்த விசுவேசுவரய்யா இளமையிலேயே தந்தையை இழந்தவர். பிற பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து, அவ்வருவாயில் படித்து, 1881இல் இங்கு இளங்கலைப் பட்டம் பெற்றார். மைசூர் அரசின் உதவித்தொகையால் புனேயில் பொறியியல் பயின்றார். ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878இல் பிறந்த இராசகோபாலாச்சாரியார் ஓசூர் அரசுப் பள்ளியிலிருந்து இக்கல்லூரிக்கு வந்து 1894இல் பட்டம் பெற்றார். ஒருவர் மைசூரின் திவானாகவும் மற்றவர் இந்தியாவின் கவர்னர் ஜெனரலாகவும் உயர்ந்தமை யாவரும் அறிந்ததே.

ஆயினும் இச்சான்றுகளைக் கொண்டு ‘பள்ளியே இவர்களை உருவாக்கியது’ என்று முடிவு செய்துவிடலாகாது. இருவரும் நுழையும்போதே கூரிய அறிவினர். எழுத்தறிவு வழிவழியாக நிலவிய குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். பள்ளி சேர்த்தது எவ்வளவு, அவர்கள் தம்முடன் கொண்டுவந்தது எவ்வளவு எனப் பிரித்தறிதல் எளிதன்று. எனினும் ஒன்று உறுதி. அக்காலத்தில் அந்நிறுவனத்திற்கு ஈடான மாற்று வழி இவர்களைப் போன்றோர்க்கு அரிது. எனவே அதன் பயன் பெரிதாக இருந்தது. இக்கருத்து இக்கட்டுரையின் பிற்பகுதிக்கு அடிப்படையாகும்.

தகுதியும் பங்கீடும்: 1918

தெரிவின் பயன் யாரைச் சென்றடைகிறது என்னும் வினா மைசூரில் வெளிப்படையாக எழுந்த ஆண்டு 1918 எனலாம். கல்வித் தகுதியை அளவுகோலாகக் கொண்ட அரசுப் பணிகளில் பிராமணர் மிகுதியாக இடம்பெற்றிருந்தனர். முதற்கட்டத்தில் சென்னை மாகாணத்திலிருந்து வந்தோர்க்கும் மைசூர் மண்ணின் மக்களுக்கும் இடையே நிலவிய போட்டி, பின்னர்ப் பிராமணர்க்கும் பிறர்க்கும் இடையிலான போட்டியாக வடிவம் மாறியது. 1917இல் பிரஜாமித்திர மண்டலி தோன்றியது. நான்காம் கிருஷ்ணராஜ உடையார் 1918இல் தலைமை நீதிபதி லெஸ்லி மில்லர் தலைமையில் குழு அமைத்தார். அக்குழு 1919இல் அளித்த அறிக்கை, ஏழாண்டுகளுக்குள் உயர் பணிகளில் பாதிக்குக் குறையாமலும் கீழ்நிலைப் பணிகளில் மூன்றில் இரு பங்கிற்குக் குறையாமலும் பிராமணரல்லாத பிற வகுப்பினர் இடம்பெற வேண்டுமெனப் பரிந்துரைத்தது.

திவானாக இருந்த விசுவேசுவரய்யா இதற்கு உடன்படவில்லை, பதவியிலிருந்து விலகினார். கல்வியைப் பரப்பினால் தகுதி தானே பரவும், தகுதியைத் தளர்த்தினால் ஆட்சித்திறன் குன்றும் என்பது அவர் நிலைப்பாடு. அவர் சொல்லளவில் நின்றவர் அல்லர். 1913இன் தொடக்கக் கல்விச் சட்டமும் 1916இன் பல்கலைக்கழகமும் அவர் திவானாக இருந்த காலத்தவை. மறுதரப்பினரோ, ஒரே தேர்வறையில் அமர்வோர் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து வந்தவர் அல்லர் என்றனர். இவ்விரு கருத்துகளும் நூறாண்டுக்குப் பின்னரும் தெரிவுப் பள்ளி பற்றிய ஒவ்வொரு விவாதத்திலும் மீண்டும் ஒலிப்பதைக் காண்கிறோம்.

நவோதயமும் கர்நாடகத்தின் உறைவிடப் பள்ளிகளும்

விடுதலைக்குப் பின் கோத்தாரிக் கல்விக் குழு (1964–66) பொதுப்பள்ளி முறையை வலியுறுத்தியது. அண்டை வாழ் குழந்தைகள் அனைவரும் ஒரே பள்ளியில் பயில வேண்டும் என்பது அதன் சாரம். இதற்கு நேர்மாறான சிந்தனையும் உடன் வளர்ந்தது. ஆந்திரத்தின் சர்வேலில் 1971இல் தொடங்கப்பெற்ற அரசு உறைவிடப் பள்ளி, சிற்றூர்ப் பிள்ளைகளுள் திறனுடையோரைத் தெரிந்தெடுத்துக் கற்பித்தது. அம்முயற்சிக்குத் துணைநின்ற பி. வி. நரசிம்மராவ் பின்னாளில் நடுவணரசின் மனிதவள மேம்பாட்டு அமைச்சரானபோது, மாவட்டத்திற்கு ஒன்றாக நவோதயப் பள்ளிகளை நிறுவும் திட்டம் உருப்பெற்றது. 1985–86இல் ஜஜ்ஜரிலும் அமராவதியிலும் முதற் பள்ளிகள் தொடங்கின. 1986இன் தேசியக் கல்விக் கொள்கை திட்டத்தை விரிவுபடுத்தியது. கர்நாடகம் இதனை ஏற்றது. பெங்களூரு நகர, ஊரக மாவட்டங்கள் இரண்டிலும் இப்பள்ளிகள் உள்ளன.

நுழைவுமுறை கூர்ந்து நோக்கத்தக்கது. ஐந்தாம் வகுப்பில் பயிலும் குழந்தை இரண்டு மணி நேரத்தில் 80 வினாக்களுக்கு 100 மதிப்பெண்ணுக்கு விடையளிக்க வேண்டும். மனத்திறன், எண்கணிதம், மொழி என மூன்று பகுதிகள். ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்பிற்கு 80 இடங்களுக்கு மேல் இல்லை. அவற்றுள் குறைந்தது 75 விழுக்காடு ஊரகக் குழந்தைகளுக்கும், மூன்றில் ஒரு பங்கு பெண் குழந்தைகளுக்கும் உரியவை. ஒருமுறை எழுதியவர் மறுமுறை எழுதுதல் இயலாது. உணவு, உறைவிடம், சீருடை, நூல்கள் யாவும் இலவசம்.

கர்நாடக அரசும் தன் பங்கிற்கு இதே வழியில் சென்றது. 1990களின் பிற்பகுதியில் மொரார்ஜி தேசாய் உறைவிடப் பள்ளிகளும், அவற்றையடுத்துக் கித்தூர் ராணி சென்னம்மா உறைவிடப் பள்ளிகளும் தோன்றின. 2010க்குப் பின் கல்வியில் பின்தங்கிய வட்டாரங்களில் ஆங்கிலவழி ஆதர்ச வித்யாலயங்கள் திறக்கப்பட்டன. இவை யாவும் ஆறாம் வகுப்பிற்கு நுழைவுத் தேர்வு நடத்தின.

தமிழ்நாட்டு நிலை வேறு. 1968 முதல் இருமொழிக் கொள்கையைப் பின்பற்றும் அம்மாநிலம், மும்மொழிப் பாடமுறையைக் காரணங்காட்டி நவோதயத்தை ஏற்கவில்லை. 2017இல் சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அனுமதியளிக்க ஆணையிட்டது. அவ்வாண்டே உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை வழங்கியது. ஆகவே இராசகோபாலாச்சாரியார் ஒரு காலத்தில் எளிதிற் கடந்து சென்ற ஓசூர்–பெங்களூரு எல்லை, இக்காலத்தில் ஆனேக்கல் குழந்தைக்கு உள்ள ஒரு வாயிலை ஓசூர்க் குழந்தைக்கு இல்லாததாக்கியது. எனினும் தெரிவு என்னும் கருத்தைத் தமிழ்நாடு முற்றாக விலக்கவில்லை என்பதற்கு, 2021க்குப் பின் அரசுப் பள்ளி மாணவருள் தெரிந்தெடுக்கப்பட்டோர்க்காக அது தொடங்கிய உறைவிட மாதிரிப் பள்ளிகள் சான்றாகும்.

பயனை அளத்தல்

இனி, இப்பள்ளிகள் மாணவர்க்குச் சேர்ப்பது யாது என்னும் வினாவிற்கு வருவோம். நவோதயப் பள்ளிகளின் பொதுத்தேர்வு முடிவுகள் மிகச் சிறந்தவை என்பது உண்மை. ஆனால் நல்ல விதையைத் தெரிந்து விதைத்தவன், விளைச்சல் முழுவதற்கும் நிலமே காரணம் என்று கூறுதல் பொருந்தாது. இச்சிக்கலைத் தீர்க்கக் கல்விப் பொருளியலார் ஒரு முறையைக் கையாண்டனர். நுழைவுத் தேர்வில் வெட்டு மதிப்பெண்ணைச் சற்றே கடந்து சேர்ந்தோரையும், சற்றே தவறி வெளியே நின்றோரையும் ஒப்பிடுவதே அம்முறை. இவ்விரு திறத்தாரும் அறிவாற்றலில் ஏறத்தாழ ஒத்தவர். பள்ளி ஒன்றே வேறு. எனவே பின்னாளில் அவர்களிடையே காணப்படும் வேறுபாடு பள்ளியினால் விளைந்தது எனக் கொள்ளலாம்.

அப்துல்காதிரோக்லு, ஆங்கிரிஸ்ட், பாதக் ஆகிய மூவரும் பாஸ்டன், நியூயார்க் நகரங்களின் தெரிவுப் பள்ளிகளை இவ்வாறு ஆராய்ந்து 2014இல் வெளியிட்ட கட்டுரை, எல்லையிலிருந்த மாணவரின் தேர்வு மதிப்பெண்ணில் அப்பள்ளிகள் விளைத்த மாற்றம் மிகச் சிறிது எனக் கண்டது. கென்யாவின் தேசியப் பள்ளிகளை ஆராய்ந்த லூகஸ், ம்பிட்டி ஆகியோரும் அவ்வாண்டே இத்தகைய முடிவையே கூறினர். மாறாக, ருமேனியாவில் பாப்-எலெச்செஸ், உர்கியோலா ஆகியோர் 2013இல் சிறிதளவு ஆக்கம் கண்டனர். அங்கும் மேல்நிலைப் பள்ளியில் இடம்பெற்ற எல்லை மாணவர் தம்மைப் பிறரினும் தாழ்ந்தவராகக் கருதியதையும், பெற்றோர் தம் உதவியைக் குறைத்துக்கொண்டதையும் பதிவு செய்தனர். திரினிடாடில் ஜாக்சன் (2010) தெளிவான ஆக்கத்தைக் கண்டார்.

இம்முடிவுகளை அப்படியே நவோதயத்திற்கு ஏற்றிக் கூறுதல் தவறாகும். பாஸ்டனில் இடம் தவறிய மாணவன் மற்றொரு நகரப் பள்ளிக்குச் செல்கிறான். மாலையில் அதே வீட்டிற்குத் திரும்புகிறான். கர்நாடகச் சிற்றூரில் இடம் தவறிய குழந்தைக்கு ஆய்வகமோ நூலகமோ பாடத்திற்கோர் ஆசிரியரோ இல்லாத பள்ளி வாய்க்கலாம். ஒருவர்க்குக் கிட்டுவது பள்ளி மட்டுமன்று; மூன்று வேளை உணவும், மின்விளக்கும், படிப்பதற்கான நேரமும் ஆகும். பெண் குழந்தையாயின் வீட்டுவேலையிலிருந்து விடுதலையும் அதனுள் அடங்கும். எனவே தெரிவுப் பள்ளியின் பயன் அப்பள்ளியின் உயரத்தை மட்டும் பொறுத்ததன்று. அதில் இடம் பெறாதோர் செல்லும் பள்ளியின் தாழ்வையும் பொறுத்தது. 1858ஆம் ஆண்டுப் பள்ளியின் பயன் பெரிதாயிருந்தமைக்கும், இன்றைய பாஸ்டன் பள்ளியின் பயன் சிறிதாயிருப்பதற்கும் இவ்விடைவெளியின் வேறுபாட்டையே முதன்மைக் காரணமாகக் கொள்ளலாம்.

வாயிலில் நிற்போர்

இவ்விடைவெளி பெரிதாகுந்தோறும் வாயிலில் நெருக்கடியும் பெரிதாகிறது. பத்து வயதில் ஒரே ஒருமுறை எழுதும் தேர்வு, தனிப்பயிற்சிக்குப் பொருள் செலவிடக்கூடிய குடும்பங்களுக்கே சாய்வது இயல்பு. 1990இன் ஆசார்ய இராமமூர்த்திக் குழு நவோதயத் திட்டத்தைக் கடுமையாக மறு ஆய்வு செய்ததும் இத்தகைய ஐயங்களின் பின்னணியிலேயாகும். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு சேர்க்கையின்போது குழந்தைகளை வடிகட்டுவதைத் தடை செய்கிறது. அச்சட்டமே நவோதயத்தைக் குறிப்பிட்ட வகைப் பள்ளியாகத் தனியே வைக்கிறது. நுழைவுத் தேர்வும் தொடர்கிறது. ஒரே சட்டத்தின் நிழலில் இரு கொள்கைகள் உடன் உறைகின்றன.

தமிழறிஞர்க்கு நன்கு அறிமுகமான ஒரு சான்றினை இவ்விடத்தில் நினைவுகூரலாம். பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குறிக்கும் குடவோலை முறையில், முதற்கண் வயது, நிலம், மனை முதலிய தகுதிகள் வரையறுக்கப்பட்டன, தகுதியுடையோர் பெயர்கள் குடத்தில் இடப்பட்டு, சிறுவன் ஒருவனால் எடுக்கப்பட்டன. அத்தகுதிகள் நிலமுடைய பிராமணச் சபையார்க்கே உரியவை என்பதை மறத்தலாகாது. எனினும் தகுதிக்கு ஒரு கீழெல்லை வகுத்து, அதற்குமேல் நிற்போரிடையே நுண்ணிய தரவரிசை காட்டாமல் திருவுளச்சீட்டிற்கு விடும் நெறி சிந்திக்கத்தக்கது. எழுபத்தெட்டுப் பெற்ற குழந்தைக்கும் எழுபத்தேழு பெற்ற குழந்தைக்கும் இடையே அறிவு வேறுபாடு உண்டெனக் கொள்வதினும், இல்லை என ஒப்புக்கொள்வது நேர்மையாகும்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் சில கருத்துகள் புலப்படுகின்றன. போட்டி மிகுந்த அரசுப் பள்ளி, மாற்று வழி அற்ற குழந்தைக்குப் பெரும்பயன் தருகிறது. நல்ல மாற்றுப் பள்ளி உள்ள குழந்தைக்கு அது தரும் மிகைப்பயன் சிறிதாகலாம். ஆகவே நகர்ப்புறப் பெற்றோர் இடம் கிடைக்காமையைப் பேரிழப்பாகக் கருதவேண்டுவதில்லை. ஊரகப் பெற்றோர் அதற்காக ஏங்குவதைக் குறைகூறுவதற்கும் இல்லை. விசுவேசுவரய்யா, மில்லர் குழு ஆகிய இரு தரப்பும் கூறியவற்றுள் உண்மை உண்டு. கல்வியைப் பரப்பாத பங்கீடு நிறைவுறாது. பங்கீட்டைக் கருதாத தகுதி, முன்னரே வாய்ப்புப் பெற்றோரின் தகுதியாகவே அமைந்துவிடும்.

இவற்றினும் முதன்மையானது ஒன்றுண்டு. ஒரு தெரிவுப் பள்ளி எவ்வளவு இன்றியமையாததாகத் தோன்றுகிறதோ, அவ்வளவிற்கு அதனைச் சூழ்ந்த பொதுப்பள்ளிகள் கைவிடப்பட்டுள்ளன என்பதே பொருள். எண்பது பேரின் வெற்றியைக் கணக்கிடும் அரசு, அத்தேர்வறையிலிருந்து தம் பழைய பள்ளிக்கே திரும்பிச் சென்றோரையும் அதே ஏட்டில் கணக்கிடுதல் வேண்டும். அக்கணக்கு எழுதப்படும்வரை, தெரிவுப் பள்ளியின் பயன் பற்றிய நம் மதிப்பீடு ஒருபக்கமாகவே இருக்கும்.