கழுத்துல 'சொடக்'... சத்தம் வந்தா சரியாகிடுச்சுனு அர்த்தமா?

முடி வெட்டி முடிச்சதும் சலூன்ல கழுத்தைத் திருப்பி ஒரு சொடக்கு எடுப்பாங்களே... இப்போ ரீல்ஸ்ல கைரோபிராக்டிக் என்ற பெயரில் அதே சத்தம்தான் வைரல். எலும்பு இடத்துல உட்காரும் சத்தம்னு நினைச்சா, அது இல்லை. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் சட்டெனக் குறைந்து, வாயுக்குமிழ் உண்டாவதால் வரும் சத்தம்.

1895-ல் அமெரிக்காவின் டேவன்போர்ட் நகரில் டி.டி.பால்மர் தொடங்கிவைத்த சிகிச்சை இது. காது கேட்காத துப்புரவுப் பணியாளர் ஒருவருக்கு முதுகெலும்பைச் சரிசெய்ததும் காது கேட்டது என்றார் அவர். எலும்பு விலகி நரம்பை அழுத்துவதே பெரும்பாலான நோய்களுக்குக் காரணம் என்பது அவர் வாதம். ஆனா, கேட்கும் நரம்பு காதிலிருந்து நேரா மூளைக்குப் போகுது. முதுகுப் பக்கமே வர்றதில்லை!

அதுக்காக எல்லாமே டுபாக்கூர் இல்லை. இடுப்புவலிக்கு ஓரளவு பலன் உண்டு. ஆஸ்துமா, சர்க்கரை குணமாகும்னு சொன்னா மட்டும் நம்பாதீங்க.

கழுத்து விஷயத்துலதான் உஷார். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகள் அந்த வழியாத்தான் ஏறுது. வேகமா திருகும்போது, அரிதாக அதன் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வரலாம். எலும்பு பலவீனமானவங்க, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுறவங்க தவிர்த்துடுங்க. சொடக்கு எடுத்த பிறகு தலைசுற்றல், பேச்சுக் குழறல், கடுமையான கழுத்துவலி வந்தா, தூங்கி எழுந்தா சரியாகும்னு காத்திருக்காம 108-க்கு போன் பண்ணுங்க. முதுகுவலியோட கால் மரத்து, சிறுநீர் போறதே தெரியலைன்னாலும் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத்தான் போகணும்.

அடுத்தமுறை சலூன்ல, "கழுத்து வேணாம்ண்ணே, தலை மசாஜ் மட்டும் போதும்"னு சொல்லிடுங்க.