விமானமும் வேண்டாம், பாராசூட்டும் வேண்டாம்... இண்டோர் ஸ்கைடைவிங் பழகுவது எப்படி? முழு விவரம்

வானத்தில் பறக்கணும் என்ற ஆசை பலருக்கும் உண்டு. ஆனால் 13,000 அடி உயரத்தில் விமானத்தின் கதவைத் திறந்து ‘குதிங்க’ என்று சொன்னால், அந்த ஆசை பாதிப் பேருக்கு அங்கேயே காணாமல் போய்விடும். அப்படிப்பட்டவர்களுக்கும் பறக்கும் அனுபவத்தைத் தருவதுதான் இண்டோர் ஸ்கைடைவிங். சுற்றுலா போகும் இடத்தில் ஒருமுறை பறந்து, போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புபவர்கள்தான் அதிகம். ஆனால் இதை வாரக்கணக்கில், வருடக்கணக்கில் பழகுகிறவர்களும் இருக்கிறார்கள். சர்வதேசப் போட்டிகளும் நடக்கின்றன.

இதை ஒரு பொழுதுபோக்காக எடுத்துக்கொள்ள என்ன தேவை? எவ்வளவு பாதுகாப்பானது? செலவு எங்கே கையைக் கடிக்கும்? பார்க்கலாம்.

இண்டோர் ஸ்கைடைவிங் என்றால் என்ன?

செங்குத்தாக நிற்கும் பெரிய கண்ணாடிக் குழாய் ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதற்குள் கீழிருந்து மேலாக அசுர வேகத்தில் காற்று வீசுகிறது. அந்தக் காற்றின் மேல் மனிதர் படுத்து மிதக்கிறார். இதைச் செங்குத்து காற்றுச் சுரங்கம் என்கிறார்கள். ஆங்கிலத்தில் ‘வெர்ட்டிகல் விண்ட் டனல்’.

விமானத்திலிருந்து குதிப்பவர், குப்புறக் கிடந்த நிலையில் மணிக்கு சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தை எட்டுவார். அதற்கு மேல் வேகம் கூடாது. காரணம், உடலைக் கீழே இழுக்கும் எடையும், மேலே தள்ளும் காற்றின் எதிர்ப்பும் அந்த வேகத்தில் சமமாகிவிடும். சுரங்கத்தில் இதையே தலைகீழாகச் செய்கிறார்கள். மனிதர் விழுவதற்குப் பதில், ஏறக்குறைய அதே வேகத்தில் காற்றை மேலே அனுப்புகிறார்கள். எடையும் காற்றின் தள்ளலும் சமமானதும் ஆள் அந்தரத்தில் நிற்கிறார்.

அதனால்தான் ராட்டினத்தில் இறங்கும்போது வரும் ‘வயிற்றைப் பிசையும்’ உணர்வு இதில் வராது. இங்கே யாரும் விழுவதே இல்லை!

காற்று எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலான மையங்களில் ராட்சத மின்விசிறிகள் பறக்கும் அறைக்கு மேலே இருக்கும். அவை காற்றை மேல்நோக்கி உறிஞ்சி, சுவர்களுக்குப் பின்னால் உள்ள பாதை வழியாக மறுபடியும் அடிப்பகுதிக்கு அனுப்பும். அங்கே பாதை குறுகலாக இருப்பதால் காற்றின் வேகம் கூடும். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும்போது ஹோஸின் வாயை விரலால் அடைத்தால் தண்ணீர் பீய்ச்சி அடிக்குமே, அதே கதைதான்.

பறக்கும் அறைக்கு மேலே பாதை மீண்டும் அகலமாகும். அங்கே காற்றின் வேகம் குறைந்துவிடும் என்பதால், மேலே போனவரும் கட்டுக்கடங்காமல் போய்க்கொண்டே இருக்க மாட்டார். அறையின் தரையில் கம்பி வலை விரித்திருப்பார்கள். வெளியே கட்டுப்பாட்டு அறையில் ஓர் ஆபரேட்டர் ஒவ்வொருவரின் எடைக்கும் திறமைக்கும் ஏற்ப காற்றைக் கூட்டுவார், குறைப்பார்.

எப்போது தொடங்கியது?

1964-ல் அமெரிக்காவின் ஓஹையோ மாகாணத்தில் உள்ள ரைட்-பேட்டர்சன் விமானப்படைத் தளத்தில், ஜாக் டிஃபனி என்பவர் செங்குத்து காற்றுச் சுரங்கத்தில் பறந்தார். இப்படிப் பறந்த முதல் மனிதர் என்று அவரைத்தான் குறிப்பிடுகிறார்கள். 1970-களின் இறுதியில், கனடாவின் கியூபெக் மாகாணத்தைச் சேர்ந்த ழான் சேன்ட்-ஜெர்மைன், மனிதர்கள் பறப்பதற்கென்றே ஒரு சுரங்கத்தை உருவாக்கினார். 1982-ல் அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் பொதுமக்களுக்கான சுரங்கம் வந்தது.

2006-ல் இத்தாலியின் டுரின் நகரில் நடந்த குளிர்கால ஒலிம்பிக் நிறைவு விழாவில், மைதானத்தின் நடுவே காற்றில் மிதந்தபடி கலைஞர்கள் நிகழ்ச்சி நடத்தியதை உலகமே பார்த்தது. 2015-ல் செக் குடியரசின் பிராக் நகரில் இதற்கான முதல் உலக சாம்பியன்ஷிப் நடந்தது.

முதல் நாள் என்ன நடக்கும்?

முதலில் உடல்நிலை பற்றிய உறுதிமொழிப் படிவம். அடுத்து சிறிய பயிற்சி வகுப்பு. பிறகு முழு உடலையும் மூடும் உடை, ஹெல்மெட், கண்ணாடி, காதில் அடைப்பான். செயின், கம்மல், மோதிரம், பாக்கெட்டில் இருக்கும் சில்லறை எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட வேண்டும். நீளமான முடி இருந்தால் இறுக்கிக் கட்ட வேண்டும். லேஸ் கட்டிய ஷூ அவசியம்.

உள்ளே இரைச்சலில் பேச முடியாது. எல்லாமே கைஜாடைதான். பயிற்சியாளர் இரண்டு விரலை நீட்டினால் ‘காலை நீட்டு’. அதே இரண்டு விரலை மடக்கினால் ‘காலை மடக்கு’. கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் மட்டும் நீட்டி ஆட்டினால் ‘ரிலாக்ஸ்’. புதியவர்கள் அதிகம் பார்ப்பது இந்தக் கடைசி ஜாடையைத்தான். பயத்தில் உடம்பை விறைப்பாக வைத்தால் காற்று உருட்டித் தள்ளும். உடம்பைத் தளர்த்தினால் தானாக மிதக்கும்.

முதல்முறை வருபவருக்குப் பொதுவாக ஒரு நிமிடம், ஒரு நிமிடமாக இரண்டு முறை வாய்ப்பு தருவார்கள். ‘இவ்வளவுதானா?’ என்று தோன்றலாம். ஆனால் 13,000 அடியிலிருந்து குதித்தால் பாராசூட் விரியும் வரை கிடைப்பதும் ஏறக்குறைய ஒரு நிமிடம்தான். அதாவது, இரண்டு நிமிடம் என்பது இரண்டு குதித்தலுக்குச் சமம்.

பொழுதுபோக்காகப் பழகினால் எப்படி முன்னேறலாம்?

முதல் கட்டம், குப்புறப் பறப்பது. அசையாமல் ஓரிடத்தில் நிற்க, முன்னே பின்னே நகர, திரும்ப, ஏற, இறங்கக் கற்பார்கள். கையையும் காலையும் விரித்தால் காற்று படும் பரப்பு கூடி உடல் மேலே போகும். சுருக்கினால் இறங்கும். காலை நீட்டினால் முன்னே நகரும். கையின் சின்னச் சாய்வுகூட ஆளைத் திருப்பிவிடும்.

அடுத்து மல்லாந்து பறப்பது. பிறகு நாற்காலியில் அமர்ந்ததுபோல பறப்பது. அதற்கும் பிறகுதான் தலைகீழாகப் பறப்பது. உட்கார்ந்தும் தலைகீழாகவும் பறக்கும்போது காற்று படும் பரப்பு குறைந்துவிடும். அதனால் காற்றின் வேகத்தைக் கூட்டியாக வேண்டும். தலைகீழ் நிலையில் இது மணிக்கு 250 கிலோமீட்டரைத் தாண்டும். இந்தப் படிகளை யாரும் தாவ முடியாது. சர்வதேச பாடிஃப்ளைட் சங்கம் வகுத்த நிலைகளின்படி, ஒரு நிலையில் தேறினால்தான் அடுத்ததற்கு அனுமதி.

இந்தப் பயிற்சி ஒருவரை எங்கே கொண்டுபோகும் என்பதற்குச் சிங்கப்பூரின் கைரா போ ஒரு உதாரணம். 2011-ல் செந்தோசா தீவில் சுரங்கம் திறக்கப்பட்ட சமயத்தில், சிறுமியாகப் பறக்கத் தொடங்கியவர் அவர். 2017-ல் ஸ்பெயினில் நடந்த விண்ட் கேம்ஸ் போட்டியில் இரண்டு தங்கம் வென்றார். அப்போது அவருக்கு வயது 14.

யார் பறக்கலாம், யார் தவிர்க்க வேண்டும்?

சிறு குழந்தைகள் முதல் முதியவர்கள் வரை பறக்கலாம். மாற்றுத்திறனாளிகளுக்கெனத் தனி நேரம் ஒதுக்கும் மையங்களும் உண்டு. நீச்சல் தெரியாதவர் ஆழமான குளத்தில் இறங்குவது போன்ற ஆபத்து இதில் இல்லை. பயிற்சியாளர் கூடவே நின்று பிடித்துக்கொள்வார்.

ஆனால் கர்ப்பிணிகளுக்கு அனுமதி இல்லை. மது அருந்தியவர்களுக்கும் இல்லை. கழுத்து, முதுகு, இதயப் பிரச்சினை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போகக் கூடாது. முக்கியமாகத் தோள்பட்டை. ஏற்கெனவே ஒருமுறை மூட்டு விலகியிருந்தால், காற்று கையைத் தூக்கும் வேகத்தில் மறுபடியும் விலக வாய்ப்பு அதிகம். இதைப் படிவத்தில் மறைப்பது தனக்குத்தானே குழி வெட்டுவது மாதிரி. அதிகபட்ச எடை வரம்பு மையத்துக்கு மையம் மாறும். டிக்கெட் எடுக்கும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

செலவு ஏன் அதிகம்?

இந்தப் பொழுதுபோக்கில் காசு நிமிடக்கணக்கில் போகும். காரணம் மின்சாரம். காற்றின் வேகத்தை 10 சதவீதம் கூட்டினால், அதற்குத் தேவைப்படும் மின்திறன் 33 சதவீதம் கூடும். இதுதான் இயற்பியல் கணக்கு. அதனால் எந்த மையமும் இதை மலிவாகத் தர முடியாது.

தொடர்ந்து பழகுகிறவர்கள் சில வழிகளைக் கையாள்கிறார்கள். ஒற்றை டிக்கெட்டுக்குப் பதில் 10, 30, 60 நிமிடத் தொகுப்பாக வாங்கினால் ஒரு நிமிடத்தின் விலை குறையும். கூட்டம் இல்லாத வார நாட்களில் கட்டணம் குறைவாக இருக்கலாம். பயிற்சியாளர் கட்டணம் அதில் சேருமா, தனியா என்பதை முன்பே கேட்க வேண்டும். ஒவ்வொரு முறையும் எடுக்கப்படும் வீடியோவை வீட்டில் உட்கார்ந்து பார்ப்பதற்குக் காசில்லை. தவறு எங்கே என்று அதிலேயே தெரிந்துவிடும். ஒரே நாளில் 30 நிமிடத்தை முடித்துவிடலாம் என்று இறங்கினால் தோளும் முதுகும் ஒத்துழைக்காது. கடைசிப் பத்து நிமிடக் காசு காற்றோடு போய்விடும்.

எங்கே பறக்கலாம்?

இந்தியாவில் ஹைதராபாத் கண்டிப்பேட்டை பகுதியில் ‘கிராவிட்டிஸிப்’ மையம் உள்ளது. தமிழர்கள் அதிகம் போய்வரும் சிங்கப்பூரின் செந்தோசாவிலும், துபாயின் மிர்திஃப் சிட்டி சென்டர் மாலிலும் ‘ஐஃப்ளை’ மையங்கள் இருக்கின்றன. இது விளையாட்டுக்கு மட்டும் பயன்படும் கருவியும் இல்லை. 2023 நவம்பரில் இந்திய ராணுவம், ஹிமாச்சலப் பிரதேசத்தின் பக்லோவில் உள்ள சிறப்புப் படைப் பயிற்சிப் பள்ளியில் தனது முதல் செங்குத்து காற்றுச் சுரங்கத்தை அமைத்தது.

இதைப் பழகினால் விமானத்திலிருந்து குதிக்கலாமா?

உடனே முடியாது. அந்தரத்தில் உடலைக் கட்டுப்படுத்துவதைச் சுரங்கம் கற்றுத்தரும். ஆனால் விமானத்திலிருந்து வெளியேறுவது, உயரத்தைக் கவனிப்பது, பாராசூட்டை விரிப்பது, அது சிக்கினால் சமாளிப்பது, பத்திரமாகத் தரையிறங்குவது இவற்றில் ஒன்றைக்கூட அது கற்றுத்தராது. அவற்றுக்குத் தனிப் பயிற்சியும் உரிமமும் வேண்டும். சுரங்கத்தில் பழகியவர்களுக்கு அந்தப் பயிற்சியில் ஒரு பாதி எளிதாகும். ஆனால் உயிரைக் காப்பது மறுபாதிதான்.

எனவே ஆசை இருப்பவர்கள் முதலில் இரண்டு நிமிடம் பறந்து பார்க்கலாம். வெளியே வந்ததும் ‘அப்பாடா, முடிஞ்சது’ என்று தோன்றினால், நல்ல அனுபவம் என்று அதோடு விட்டுவிடலாம். ‘அந்தக் காலை மட்டும் கொஞ்சம் நீட்டியிருக்கலாமே’ என்று மனசு கணக்குப் போட ஆரம்பித்தால், அடுத்த 10 நிமிடத் தொகுப்புக்குக் காசு சேர்க்கத் தொடங்கலாம்.