பைரித்திரமும் மலேரியாக் கட்டுப்பாடும்

பைரித்திரம் என்பது டால்மேசியக் கடற்கரையைத் தாயகமாகக் கொண்ட, சாமந்தியின் உறவான ஒரு செடியின் உலர்ந்த பூக்களிலிருந்து எடுக்கப்படும் பூச்சிகொல்லி. கொசுவத்திச் சுருளின் மூதாதை, ஜப்பானில் 1890 அளவில் இப்பூத்தூளால் செய்யப்பட்ட குச்சியே.

1930கள் வரை மலேரியாத் தடுப்பு பெரும்பாலும் நீர்நிலைகளில் எண்ணெய் ஊற்றிப் புழுக்களை அழிப்பதாகவே இருந்தது. தென்னாப்பிரிக்காவின் நட்டாலில் குடிசைகளுக்குள் பைரித்திரம் தெளித்து, சுவரில் தங்கும் கொசுக்களைக் கொன்றனர். தஞ்சை மாவட்டத்தின் பட்டுக்கோட்டைப் பகுதியிலும், மேட்டூர்ப் பாசனம் வந்த சில ஆண்டுகளில், ராக்பெல்லர் அறக்கட்டளையின் பால் ரசலும் நைப்பும் இம்முறையைச் சோதித்தனர். மலேரியா ஒட்டுண்ணி கொசுவின் உடலில் முதிர ஏறத்தாழப் பத்து நாளாகும். எனவே வாரந்தோறும் தெளித்தால், நோய் பரப்பும் வயதை எட்டுமுன்னே பெரும்பாலான கொசுக்கள் மடியும்.

குறை ஒன்றுதான், ஆனால் பெரிது. வெயில் பட்டால் மருந்து விரைவில் சிதைந்துவிடும். ஆட்கள் திரும்பத் திரும்ப வீடு ஏற வேண்டும். ஒருமுறை அடித்தால் சுவரில் மாதக்கணக்கில் நிற்கும் டி.டி.டி. வந்ததும் பூவை மறந்தது வியப்பல்ல. இந்தியா 1953இல் தொடங்கிய தேசியத் திட்டம் டி.டி.டி.யையே நம்பியது. அந்த நிலைப்புத்தன்மையே பின்னர் வினையாயிற்று: மருந்து மண்ணிலும் உயிர்களின் கொழுப்பிலும் தங்கியது, கொசுக்களும் எதிர்ப்பாற்றல் பெற்றன. 1976இல் நாட்டில் 64 லட்சம் பேருக்கு மலேரியா கண்டது.

இன்று கொசுவலைகளில் ஏற்றப்படும் பைரித்ராய்டுகள் இப்பூவின் வேதியமைப்பைப் பின்பற்றிச் செய்யப்பட்டவை. நோய் பரவும் இடங்களில் வீட்டுக்குள் தெளிக்க, பைரித்திரச் சாறு மண்ணெண்ணெயில் கலந்து இன்னும் பயன்படுகிறது.