பைத்தான் கட்டிய பாலம்

பைத்தான் உலாவிக்குள் குடியேற 23 ஆண்டுகள் ஆயின. நெட்ஸ்கேப்பில் பிரெண்டன் ஐக் ஜாவாஸ்கிரிப்டைப் படைத்த அதே 1995-இல், பைத்தானின் தந்தை கைடோ வான் ராசமும் அவருடைய சகாக்களும் கிரெயில் என்ற உலாவியைப் பைத்தானிலேயே எழுதி, பக்கத்தோடு வரும் பைத்தான் நிரல்களை அதில் ஓட வைத்தார்கள். ஒரு மொழிக்காக வாசகர் தம் உலாவியையே மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது; 1999-ஓடு அதன் வளர்ச்சி நின்றது. பின்னர் வந்த ஸ்கல்ப்ட், பிரைத்தான் ஆகியவை எதிர்த்திசையில் சென்று, பைத்தான் நிரலை உலாவியிலேயே ஜாவாஸ்கிரிப்டாக மாற்றின. மொழியைக் கற்பிக்க அது போதும். ஆனால் நம்பை, சைபை போன்ற அறிவியல் நூலகங்களின் உயிர்நாடி சி, ஃபோர்ட்ரான் மொழிகளில் இருக்கிறது. இலக்கணம் உள்ளே வந்தது, அந்த நூலகங்கள் வெளியே நின்றன.

முதல் முயற்சி ஜாவாஸ்கிரிப்டை ஒதுக்கியது, இரண்டாவது பைத்தானை அதற்குள் கரைத்தது. இரண்டு மொழிகளும் தத்தம் இயல்போடு அருகருகே இயங்க, பிற மொழி நிரல்களையும் தொகுத்து உலாவியில் ஓட்ட உதவும் வெப்அசெம்பிளியை 2017-இல் முன்னணி உலாவிகள் நான்கும் ஏற்றது வழி திறந்தது. மறு ஆண்டு மொசில்லாவில் மைக்கேல் ட்ரோட்பூம் தொடங்கிய பையோடைட், சி மொழியில் எழுதப்பட்ட அசல் பைத்தானையே வெப்அசெம்பிளிக்குத் தொகுத்தது. அதன் பெரிய சாதனை இருவழிப் பாலம் என்பேன். எண்ணும் எழுத்துச் சரமும் தாமாகவே மாறிக் கடக்கின்றன. பெரிய பொருள்களுக்குப் பதிலாள் ஒன்று மறுகரையில் நிற்கிறது. நம்பை அணியொன்றை நகலெடுக்காமலே ஜாவாஸ்கிரிப்ட் படிக்கலாம். கணக்கைப் பைத்தான் போட, படத்தை டி3 என்ற ஜாவாஸ்கிரிப்ட் நூலகம் வரைகிறது.

பல மெகாபைட் இறக்கிய பிறகே முதல் வரி ஓடுகிறது, வேகமும் குறைவு என்பது நியாயமான ஆட்சேபம். பைத்தானிலேயே எழுதிய நீண்ட சுழல்கள் தளர்கின்றன என்பது மெய்தான். ஆனால் கனமான கணக்கு தொகுக்கப்பட்ட நூலகத்துக்குள் நடக்கும்போது அந்த இடைவெளி சுருங்குகிறது. பாலத்துக்கும் பராமரிப்பு உண்டு: இரு மொழிகளும் நினைவகத்தை வெவ்வேறு முறையில் விடுவிப்பதால், பயன் முடிந்த பதிலாளை நிரலாளரே அழிக்க நேர்கிறது. அந்த நூலகங்களை ஜாவாஸ்கிரிப்டிலேயே திரும்ப எழுதலாமே என்பாரும் உண்டு. பல ஆண்டுகள் சோதித்துத் தேறிய கணித நிரலைப் புதிதாக எழுதுவது, களைந்த பிழைகளுக்கு மறுபடி கதவு திறப்பதாகும். உலாவியிலேயே பைத்தானை இயக்கும் கருவிகளான ஜூப்பிட்டர்லைட்டும் (2021) பைஸ்கிரிப்டும் (2022) பையோடைட் என்ற இந்த அடித்தளத்தின் மேல்தான் எழுந்தன. கணக்கிடத் தனி வழங்கி வேண்டாம், தரவு பயனரின் கணினியை விட்டு வெளியேற வேண்டிய கட்டாயமும் இல்லை. கிரெயில் கனவு கண்டது இதைத்தான்; அண்டை மொழியோடு பேசக் கற்ற பிறகே அது கைகூடியது.